காடி இல்லாத டேபிள் சாவுக்கு மைட்டர் காடி: டெல்டா பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்துப் பட்டறைகளில் உள்ளூரிலேயே அடித்த டேபிள் சா (மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழன்று அறுக்கும் ரம்பம்) நிறைய இருக்கிறது. ஆங்கிள் சட்டம், மேலே ஒரு இரும்பு மேசை, கீழே பெல்ட்டில் ஓடும் மோட்டார். பலகையை நீளவாக்கில் கிழிக்க அது போதும். குறுக்கே சரியாக 90 டிகிரியில் வெட்டவோ, தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தேக்குச் சட்டம் அடிக்க 45 டிகிரியில் மூலை வெட்டவோ போனால்தான் குறை தெரியும். மைட்டர் கேஜையோ (பலகையைக் கோணம் மாறாமல் தள்ளும் கருவி) ஸ்லெட்டையோ (பலகையை மேலே வைத்துத் தள்ளும் தட்டு) நேர்கோட்டில் ஓட்டுவதற்கு மேசையில் காடியே, அதாவது நீளப் பள்ளமே, இருக்காது. கையால் பிடித்துத் தள்ளினால் வெட்டு கோணும். சமயத்தில் பலகை நம் வயிற்றுக்கே திரும்பி வரும்.

இந்தக் காடியைப் போட நான் அலைந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் மெஷின் கம்பெனித் தயாரிப்பாக இருந்து காடி ஏற்கெனவே இருந்தால் நேராக 7ஆம் படிக்குப் போய்விடலாம்.

1. மேசையின் அடியைப் பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து மேசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வார்ப்பிரும்பா, இரும்புத் தகடா, மடக்கிய மெல்லிய தகடா, பலகையா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே.

வார்ப்பிரும்பு மேசை பார்க்கக் கனமாக இருக்கும். ஓரத்தில் ஸ்கேல் வைத்தால் 40 மி.மீ. கூடக் காட்டும். அதை நம்ப வேண்டாம். ஓரம் மட்டும்தான் தடிமன். நடுவில் மேல்தோல் 8 அல்லது 10 மி.மீ. இருக்கும், அதைக் கீழே விலா எலும்புபோல் குறுக்குச் சட்டங்கள் தாங்கும். பிளேடு வெளியே வருகிற வாயைத் திறந்து, அதன் விளிம்பில் வெர்னியர் (துல்லியமாக அளக்கும் கருவி) வைத்து அளந்தால் உண்மையான தடிமன் கிடைக்கும். வாயைச் சுற்றி மட்டும் தடிப்பாக வார்த்திருப்பதும் உண்டு. அதனால் காடி வரப்போகிற இடத்தில் அடியிலிருந்து விரல் விட்டும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

காடியின் ஆழம் 3 நூல், அதாவது 9.5 மி.மீ. அதற்குக் கீழே குறைந்தது 6 மி.மீ. இரும்பாவது மிஞ்ச வேண்டும். ஆக, காடி வரும் இடத்தில் 16 மி.மீ. தடிமன் இல்லாத மேசையில் கட்டர் போடக் கூடாது. போட்டால் மேசை பலவீனமாகி அதிரும். வார்ப்பிரும்பு என்றால் விரிசலே விழலாம். விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. உங்களுக்கு எந்த வழி

தடிமன் 16 மி.மீ.க்கு மேல் இருந்தால் மில்லிங் மெஷினில் (சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் மெஷின்) காடி வெட்டலாம். நிரந்தரமான வழி இதுதான். பட்டறைக் கூலியைப் பெரும்பாலும் மணிக்கணக்கில் கேட்கிறார்கள். நான் விசாரித்த இடங்களில் மணிக்கு 500 முதல் 800 ரூபாய்வரை சொன்னார்கள். வெட்டுவதைவிட மேசையைக் கட்டி நேர் பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும் என்பதால் அரை நாள் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் வேலை, லோடு ஆட்டோ வாடகை தனி.

தடிமன் போதவில்லையா? இருக்கிற மேசைமேல் 12 மி.மீ. பிளைவுட்டைப் பட்டைகளாகப் பதித்து, பட்டைகளுக்கு நடுவே விடும் இடைவெளியையே காடியாக்கலாம். நம் ஊர் மெஷின்களில் பலவற்றுக்கு இதுதான் பொருந்தும். நல்ல பிளைவுட் சதுர அடி நூறு ரூபாய்க்குச் சுற்றி விற்கிறது. மேசைக்கு ஆறு ஏழு சதுர அடி பிடிக்கும். இரண்டு நாளில் முடிகிற வேலை.

பலகையால் செய்த மேசை, அதாவது கைச் சர்க்குலர் சாவைத் தலைகீழாகப் பொருத்திய மேசை என்றால், அலுமினிய மைட்டர் டிராக் வாங்கி ரூட்டரால் பள்ளம் எடுத்துப் பதித்துவிடுங்கள். இதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. ஆன்லைனில் டி-டிராக்கும் மைட்டர் டிராக்கும் ஒரே பக்கத்தில் கலந்து வரும். ‘19 மி.மீ.’ என்று போட்டிருப்பது வெளி அகலமா உள் அகலமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளி அகலம் 19 என்றால் அது போல்ட் ஓடும் டிராக், மைட்டர் பட்டை அதில் நுழையாது.

காடியே இல்லாமலும் ஒரு வழி உண்டு. ஸ்லெட்டின் அடியில் இரண்டு ரீப்பரை மேசையின் இடது, வலது வெளி ஓரங்களைக் கவ்வுகிற மாதிரி அடித்துவிட்டால், மேசை ஓரமே தண்டவாளமாகிவிடும். ஓரங்கள் இரண்டும் நேராகவும் பிளேடுக்கு இணையாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெயிண்ட் அடித்த வார்ப்பு ஓரம் அப்படி இருப்பது அபூர்வம். மடக்குத் தகட்டு மேசைக்கு இதை முயன்று பார்க்கலாம். செலவு என்று எதுவும் இல்லை.

3. முதலில் பட்டை, அப்புறம் காடி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் மைட்டர் கேஜின் பட்டை பெரும்பாலும் 6 நூல் அகலம், அதாவது 3/4 அங்குலம். மி.மீ. கணக்கில் 19.05. நம் இரும்புக் கடைகளில் கிடைக்கும் பிரைட் பிளாட் (பளபளப்பான, அளவு சீரான இரும்புப் பட்டை) 20 x 10. லேத் பட்டறையில் போய் ‘முக்கால் அங்குலக் காடி’ என்று வாயால் சொன்னால் 19 மி.மீ. கட்டரைப் போட்டு ஒரே ஓட்டில் வெட்டித் தந்துவிடுவார்கள். 19.05 பட்டை அதற்குள் இறங்காது. இல்லாவிட்டால் 20க்கு வெட்டுவார்கள். அப்போது பட்டை ஏறக்குறைய 1 மி.மீ. ஆடும், வெட்டும் ஆடும்.

ஆகவே எந்தப் பட்டையைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, கையில் வாங்கிவிடுங்கள். பிற்காலத்தில் ஆன்லைனில் கேஜ், ஃபெதர்போர்டு (பலகையை அழுத்திப் பிடிக்கும் சீப்புக்கட்டை), ரெடிமேட் ஜிக் (வெட்டுக்கு வழிகாட்டும் துணைக்கருவி) எல்லாம் வாங்கும் எண்ணம் இருந்தால் 19.05தான் ஒரே வழி. எல்லா ஜிக்கையும் நானே செய்துகொள்வேன் என்றால் 20 x 10 பிரைட் பிளாட்டுக்குப் போகலாம். மீட்டருக்கு சுமார் 1.57 கிலோ எடை வரும், கிலோக் கணக்கில் வாங்கலாம், விலை சொற்பம். கறுப்பாக இருக்கும் சாதா எம்.எஸ். பிளாட் வேண்டாம். அதன் அகலம் ஓரத்துக்கு ஓரம் மாறும்.

பட்டையை மூன்று நான்கு இடத்தில் டிஜிட்டல் வெர்னியரால் அளந்து, இருப்பதிலேயே பெரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காடி அதைவிட 0.05 முதல் 0.10 மி.மீ. வரை அகலமாக இருக்க வேண்டும். பட்டை கைத்தள்ளலில் வழுக்கிப் போக வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் சத்தம் வரக் கூடாது.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மரவேலைக்கு என்ன காகிதம் என்று கேட்காதீர்கள்.

வாரன்டி அட்டையை எடுத்துப் படியுங்கள். மேசையில் கட்டர் போட்டால் வாரன்டி போய்விடும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். காலம் மீதமிருந்தால் பிளைவுட் வழியில் போங்கள். நான்கைந்து திருகுத் துளைகூடப் போடாமல், ஓரத்தில் கவ்வுகிற மாதிரி மேல்பலகையைச் செய்ய முடியும்.

மெஷினைக் கடனில் வாங்கியிருக்கிறீர்களா? பி.எம்.இ.ஜி.பி., யு.ஒய்.இ.ஜி.பி. போன்ற அரசுக் கடன் திட்டங்களில் வாங்கிய மெஷின் வங்கிக்கு ஈடாக இருக்கும். சரிபார்க்க ஆள் வரும் நேரத்தில் மேசை இல்லாமல் சட்டம் மட்டும் நின்றால் கேள்வி வரும். பட்டறைக்காரரிடம் ‘டேபிள் சா மேசை ஒன்று, காடி வெட்ட’ என்று தேதியோடு ஒரு ரசீது வாங்கி வைத்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஜாப் ஒர்க்குக்குப் பொருளை அனுப்பும்போது டெலிவரி சலான் போட வேண்டும். பதிவு இல்லாதவர்கள் மெஷின் வாங்கிய பில்லின் நகலை வண்டியில் வைத்துக்கொண்டால் வழியில் பேச்சு வளராது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம் வரைபடம். அழகாக இருக்க வேண்டியதில்லை. கோடு போட்ட நோட்டுத்தாளில் மேசையை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரையுங்கள். பிளேடு வாய் எங்கே, காடிகள் எங்கே, அகலம் எவ்வளவு, எவ்வளவுவரை கூடலாம், ஆழம் எவ்வளவு, எல்லாம் மி.மீ.இல். அடியில் உங்கள் கைப்பேசி எண். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பட்டறைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். எனக்கு ஒரு பட்டறையில் வாய்ச்சொல்லை நம்பிக் காடியை அகலமாக வெட்டிக் கொடுத்துவிட்டு, ‘நீங்க சொன்னதுதானே சார்’ என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

5. மில்லிங் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு

எப்போது போவது என்பதில் டெல்டாவுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பை ஒட்டி டிராக்டர், கலப்பை, பம்ப்செட் எல்லாம் லேத் பட்டறை வாசலில் நிற்கும். தை மாதம் சம்பா அறுவடையில் அறுவடை மெஷின்கள் வரிசை கட்டும். அப்போது உங்கள் மேசை மூலையில் சாத்தப்பட்டுக் கிடக்கும். ஆயுத பூஜை வாரத்தில் மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருப்பார்கள், கேட்கவே வேண்டாம். பங்குனி, சித்திரையில் போனால் நிதானமாகச் செய்து தருவார்கள்.

எங்கே போவது என்பது மெஷினின் ஓட்டத்தைப் பொறுத்தது. உங்கள் காடி 600 மி.மீ. நீளம் என்றால் மில்லிங் மெஷினின் நீளவாக்கு ஓட்டம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு காடிக்கும் இடையே 250 மி.மீ. என்றால் குறுக்கு ஓட்டமும் அந்த அளவுக்கு வேண்டும். சிறிய ஊர் லேத் பட்டறைகளில் இவ்வளவு நீளம் ஓடும் மெஷின் இருக்காது. ‘பாதி வெட்டிட்டு, திருப்பிப் போட்டு மீதியை வெட்டிடலாம்’ என்பார்கள். கூடவே கூடாது. நடுவில் படி விழும், பட்டை அங்கே மாட்டும். திருச்சி அரியமங்கலம், துவாக்குடி தொழிற்பேட்டைகளில் பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் உண்டு. பெரிய மெஷினும், 0.05 என்று சொன்னால் புரிந்துகொள்கிற ஆளும் அங்கே கிடைப்பார்கள். தஞ்சாவூரிலிருந்து 40, 50 கிலோமீட்டர் இருக்கும். வண்டி வாடகை கசந்தாலும் பரவாயில்லை.

கழற்றுவதற்கு முன்னால் மேசையை முழுப் படம், அடிப்பக்கப் படம் என்று கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தகட்டுத் துண்டுகள் வைத்திருப்பார்கள். எது எந்த மூலை என்று எழுதாமல் எடுத்தால் திரும்ப மாட்டும்போது மேசை ரசமட்டத்துக்கு வராது. அடியிலிருக்கும் குறுக்குச் சட்டங்கள் எங்கெங்கே போகின்றன என்று மேல்பக்கத்தில் சாக்கட்டியால் வரைந்துவிடுங்கள். காடி சட்டத்தின் மேலேயே நீளவாக்கில் அமைந்தால் இரும்பு கூடுதலாக மிஞ்சும்.

பிளேடிலிருந்து இடப்பக்கக் காடியின் நடு 100 முதல் 150 மி.மீ. தள்ளி இருக்கட்டும். ரொம்ப ஒட்டி வைத்தால் வாயின் விளிம்பு பலமிழக்கும். வலப்பக்கமும் அதே மாதிரி. ஒரு காடியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றால் மைட்டர் கேஜுக்குப் போதும், அகலமான ஸ்லெட்டுக்கு இரண்டு இருப்பது நல்லது. கூலியில் பெரிய வித்தியாசம் வராது.

பட்டறையில் நின்று சொல்ல வேண்டியவை இவை. பிளேடு வாயின் நீள விளிம்பில் டயல் கேஜ் (மிகச் சிறிய விலகலையும் முள்ளால் காட்டும் கருவி) ஓட்டி, அதற்கு நேராக மேசையைக் கட்டச் சொல்லுங்கள். வார்ப்பு ஓரத்தை நம்பிக் கட்ட வேண்டாம். அடிப்பக்கம் சமமாக இருக்காது என்பதால் இடைவெளியில் தகடு கொடுத்துத்தான் கிளாம்ப் இறுக்க வேண்டும். அப்படியே நெருக்கி இறுக்கினால் மேசை வளையும். வளைந்த நிலையில் நேராக வெட்டிய காடி, கிளாம்பைத் தளர்த்தியதும் கோணலாகிவிடும். 16 மி.மீ. கட்டரால் நடுவை எடுத்துவிட்டு இரண்டு சுவரையும் தனித்தனியாக முடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது காடியைக் கிளாம்பைக் கழற்றாமல் அதே கட்டில் வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்.

மெஷினிலிருந்து இறக்குவதற்கு முன்பே உங்கள் பட்டையைக் காடியில் போட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அங்கேயே ஒரு சிட்டிகை எடுத்துவிடலாம். இறக்கிவிட்டால் மறுபடி கட்டு, மறுபடி கூலி. வார்ப்பிரும்பின் கறுப்புத் தூளைத் துடைத்துவிட்டு, காடியின் கூர் விளிம்பை ஃபைலால் லேசாக மழுக்கி, எண்ணெய் தடவிக் கொண்டுவாருங்கள். மழைக்காலமாக இருந்தால் வண்டியிலேயே துரு பிடித்துவிடும்.

6. பிளைவுட் மேல்பலகை போடுகிறவர்களுக்கு

12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 1 மி.மீ. சன்மைக்கா. ஆக மேசை 13 மி.மீ. உயரும். பிளேடின் வெட்டு ஆழம் அந்த அளவு குறையும். 10 அங்குல பிளேடில் 80 மி.மீ. வெட்டு கிடைத்தது என்றால் இனி 67. சட்டம், அலமாரி வேலைக்கு இது தாராளம். நிலை, கதவுச் சட்டம் அறுப்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே ஃபென்ஸையும் (நீளவாக்கில் கிழிக்கும்போது பலகை ஒட்டி ஓடும் வேலி) பாருங்கள். பல மெஷின்களில் ஃபென்ஸின் அடி பழைய மேசையை ஒட்டி ஓடும். மேல்பலகை போட்டதும் இடிக்கும். நேரான அலுமினிய பாக்ஸ் பைப் ஒன்றை இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு ஃபென்ஸாக வைத்துக்கொள்வது சுலபமான வழி. பிளேடுக்குப் பின்னால் நின்று அறுந்த பலகையை விலக்கிவைக்கும் பிரிகத்தி, மேல்மூடி இரண்டும் புதிய உயரத்தில் வேலை செய்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பிளைவுட்டை மூன்று துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள்: பிளேடைச் சூழ்ந்த நடுத்துண்டு, இடத்துண்டு, வலத்துண்டு. நடுத்துண்டின் இரண்டு நீள விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில் கவனமாக இருங்கள். காடியின் நேர் அதிலிருந்துதான் வருகிறது. இடவிளிம்புக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தைப் பிளேடின் முன்பல்லிலும் பின்பல்லிலும் அளந்து சமமாக்கிய பிறகுதான் நடுத்துண்டைத் திருகுங்கள். அப்புறம் மைட்டர் பட்டையையே விளிம்பை ஒட்டி வைத்து, அதன் மறுபக்கம் சாதாரண நோட்டுத்தாள் ஒன்றைச் செருகி, இடத்துண்டை நெருக்கித் திருகுங்கள். தாளை உருவினால் 0.1 மி.மீ. தளர்வு தானாகக் கிடைக்கும். வலப்பக்கமும் இதே முறை.

இரும்பில் எம்6 மரை போட 5 மி.மீ. துளை. திருகின் தலை பிளைவுட்டுக்குள் முழுசாக அமுங்க வேண்டும். முதலில் ஒரு துண்டுக்கு இரண்டு திருகு போட்டு, பட்டையை ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு மீதியைப் போடுங்கள். பிளைவுட்டின் வெட்டு விளிம்புக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கட்டாயம். ஐப்பசி அடைமழையில் வார்னிஷ் இல்லாத விளிம்பு ஊதிக் காடியை நெருக்கிவிடும்.

7. பிளேடைக் காடிக்கு இணையாக்குதல்

காடி போட்டாயிற்று என்று உடனே ஸ்லெட் செய்ய உட்காராதீர்கள். இனி எல்லா அளவும் காடியிலிருந்துதான். பிளேடு காடிக்கு இணையாக இல்லை என்றால் அதன்மேல் செய்கிற எந்த ஜிக்கும் சரியாக வெட்டாது.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மைட்டர் கேஜில் ஒரு மரத்துண்டைக் கட்டி, அதன் முனையில் பித்தளைத் திருகு ஒன்றை ஏற்றி, திருகின் தலை அந்தப் பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். ஃபீலர் கேஜ் (பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பது) செருகி இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கேஜையும் பின்னால் நகர்த்தி மறுபடி அளங்கள். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்து உங்களைக் குழப்பும்.

இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் திருத்த வேண்டும். பிளேடின் பின்பாதிப் பல் கீழிருந்து மேலே எழுவது. பிளேடு கோணலாக நின்றால் அந்தப் பற்கள் மரத்தை உரசும், வெட்டு முகம் கருகும், பலகை தூக்கி நம் பக்கம் எறியப்படும்.

உள்ளூர் மெஷினில் இதைத் திருத்துவது கம்பெனி மெஷினைவிட எளிது. பிளேடின் தண்டு இரண்டு பிளம்மர் பிளாக்கில் (பேரிங் பதித்த இரும்புக் கட்டை) உட்கார்ந்திருக்கும். ஒரு பிளாக்கின் போல்ட்டை மட்டும் தளர்த்தி, மரச் சுத்தியால் மெல்லத் தட்டி, அளந்து, இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது கொஞ்சம் நகரும், அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தட்டப் பழகிவிடுவீர்கள். ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்கள். முடிந்ததும் பெல்ட் இரண்டு புல்லியிலும் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். தண்டை நகர்த்தியிருக்கிறோம் இல்லையா.

8. ஓடுபட்டைக்கு எந்தப் பொருள்

ஸ்லெட்டின் அடியில் காடிக்குள் ஓடும் பட்டையை மரத்தில் செய்வதுதான் வழக்கம். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக ஊதும். ஆனாலும் நம் ஊரில் சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் உள்ள தூரம் அதிகம். 19 மி.மீ. பட்டை 0.1 மி.மீ. ஊதினாலே காடியில் இறுகிவிடும். சித்திரையில் கச்சிதமாகச் செய்தது மழையில் நகராது, மழையில் செய்தது கோடையில் ஆடும். மரத்தில்தான் செய்வேன் என்றால் வருட வளையங்கள் பட்டையின் அகலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் துண்டாகப் பொறுக்குங்கள். அந்த வாக்கில் ஊதல் ஏறக்குறைய பாதியாகும்.

பிளாஸ்டிக்கில் ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் நைலான் கம்பியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். நைலான் ஈரம் குடித்து ஊதும். அதற்கு எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) நல்லது, தண்ணீர் குடிக்காது. சமையலறைக் காய்கறி வெட்டும் பலகைகளில் எச்.டி.பி.இ. வகை உண்டு. தடிமனான ஒன்று வாங்கி அறுத்தால் நான்கு பட்டை தேறும். அகலத்தில் திருத்த நினைத்தால் விளிம்பை ஒட்டி மேலிருந்து ஒரு திருகு ஏற்றினால் போதும், பிளாஸ்டிக் அந்த இடத்தில் லேசாகப் பிதுங்கித் தளர்வை எடுத்துவிடும். பிரைட் பிளாட் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, துருவைத் தவிர.

9. ஸ்லெட்டும் ஐந்து வெட்டுச் சோதனையும்

அடித்தளம் 12 மி.மீ. பிளைவுட், சுமார் 600 x 500. முன்னும் பின்னும் தடித்த வேலி. 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டாக ஒட்டியதும் போதும், தேக்கும் போதும். காடிக்குள் சில ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டு அதன்மேல் ஓடுபட்டையை வைத்தால், பட்டை மேசைமட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். பட்டைமேல் ஃபெவிகால் பொட்டு வைத்து அடித்தளத்தை இறக்கி, காய்ந்ததும் அடியிலிருந்து திருகுங்கள். பட்டை காடியின் தரையைத் தொடும் அளவுக்குத் தடிமனாக இருக்கக் கூடாது. தொட்டால் ஸ்லெட் மேசையில் படியாமல் ஆடும்.

நம் பக்கம் இருக்கும் வேலிதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அதன் ஒரு முனையில் இறுக்கமாக ஒரு திருகு, மறுமுனையை கிளாம்பில் மட்டும் பிடித்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

400 மி.மீ. சதுரத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு. ஒரு பக்கத்தை வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தை வேலியில் ஒட்டவைத்து அடுத்த பக்கம். இப்படியே ஒரே திசையில் திருப்பிக்கொண்டு நான்கு பக்கமும் முடித்து, ஐந்தாவதாக முதல் பக்கத்தையே இன்னொரு முறை, 15 மி.மீ. பட்டையாக விழும்படி வெட்டுங்கள். அந்தப் பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரால் அளங்கள். ஒரு முனை 15.60, மறுமுனை 15.20 என்றால் வித்தியாசம் 0.40. நான்கு திருப்பலில் பிழை நான்கு மடங்காகச் சேர்ந்திருப்பதால் 4ஆல் வகுத்தால் 0.10. 400 மி.மீ. நீளத்துக்கு 0.10 மி.மீ. கோணல் என்று பொருள். வேலியின் திருகிலிருந்து மறுமுனை 500 மி.மீ. தள்ளி இருந்தால் அந்த முனையை 0.125 மி.மீ. நகர்த்த வேண்டும். வேலியை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் பண்ணி, நடுவே அந்த அளவு ஃபீலர் கேஜ் தாளைச் செருகியோ எடுத்தோ நகர்த்துங்கள். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று யோசித்து மண்டையை உடைக்க வேண்டாம். ஒரு பக்கம் நகர்த்தி மறுபடி வெட்டுங்கள், வித்தியாசம் கூடினால் மறுபக்கம். 0.10க்குக் கீழே வந்ததும் மீதித் திருகுகளைப் போட்டுவிடலாம்.

ஓவியச் சட்டத்துக்கான 45 டிகிரி ஸ்லெட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. இரண்டு வேலியையும் ஒன்றுக்கொன்று துல்லியமாக 90 டிகிரியில் வைத்துவிட்டு, சட்டத்தின் ஒரு துண்டை இட வேலியிலும் அதோடு சேரும் துண்டை வல வேலியிலும் வெட்டுங்கள். ஒன்று 44.8 ஆனாலும் மற்றது 45.2 ஆகி, மூலை 90ஆகச் சேர்ந்துவிடும். மூலைமட்டத்தில் நல்லதாக ஒன்று வாங்கி வைத்திருங்கள், அதைத்தான் இங்கே நம்புகிறோம்.

10. சுவிட்ச் போடுவதற்கு முன்

ஸ்லெட்டில் நம் பக்கம் இருக்கும் வேலிக்கு வெளியே, பிளேடு வெளிவரும் இடத்தில் கனமான மரக்கட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். வெட்டு முடியும்போது பிளேடு கட்டைவிரல் பக்கம்தான் எட்டிப் பார்க்கும். ஸ்லெட் அதற்குமேல் போகாதபடி மேசையில் ஒரு தடுப்பும் வையுங்கள்.

மைட்டர் கேஜையும் நீளவாக்கு ஃபென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்திக் குறுக்கே அறுக்காதீர்கள். அறுந்த துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிப் பறக்கும். ஒரே அளவில் பல துண்டு வேண்டுமென்றால் ஸ்லெட்டின் வேலியிலேயே ஒரு தடுப்புக்கட்டை கிளாம்ப் பண்ணுங்கள்.

தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, கையுறை மூன்றும் வேண்டாம். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல் நூலைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுக்கும்.

காடியில் மரத்தூள் அடைந்து கெட்டிப்பட்டால் பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கும், அளவு தப்பும். பழைய டூத்பிரஷ் ஒன்று மெஷினிலேயே தொங்கட்டும். வழவழப்புக்கு எண்ணெய் விடாதீர்கள், அது தூளைக் கூழாக்கிவிடும், மரத்திலும் கறை ஏறும். மெழுகுவத்தியைக் காடியின் இரு சுவரிலும் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். புரட்டாசி முடிவதற்குள் மேசை முழுவதும் ஒருமுறை மெழுகு போட்டுவிட்டால் மழைக்குத் துரு ஏறாது. மழை விட்டதும் 7ஆம் படியில் சொன்ன அளவை மட்டும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.